காதால் படித்த நாடு

அந்த நிலையத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் அரசியலையும் வரலாற்றையும் மக்களின் பழக்கவழக்கங்களையும் ஆராய்ந்து கோப்பில் போட்டு வைப்பதுதான் அங்கே வேலை. எந்தப் பகுதி யார் தலையில் விழுந்ததோ அதுவே அவருக்குப் பெயராகிவிடும். தெற்குக் கடல் தீவுகளைப் பார்க்கும் அம்மாள் தீவம்மா. முழங்கால் தண்ணீரில் இறங்கவும் பயப்படுவார். பாலைவன நாடுகளைப் பார்ப்பவர் பாலையார். அவருக்கு வருஷம் முழுவதும் ஜலதோஷம். நம்முடைய ஆள் மலையார். மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒருமுறை நின்று, ஜன்னல் வழியாக எதையோ பார்ப்பவர் போல மூச்சு வாங்கிக்கொள்வார்.

அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு நாடு. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே மலைகளுக்குள் இடுங்கிக் கிடக்கும் சின்ன நாடு. பெயரைச் சொன்னால் பாதிப் பேர் ஏதோ இருமல் மருந்து என்று நினைப்பார்கள். வெளியாட்களை அது உள்ளே விடாது, உள்ளே இருப்பவர்களை வெளியே விடாது. அந்த நாட்டிலிருந்து வெளியே கசிவது ஒன்றுதான், வானொலி. ஆகவே அதைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் காதால்தான் படிக்க வேண்டும். மலையார் அப்படி இருபத்தாறு வருஷம் படித்தவர்.

அவர் ஒன்றும் ஆசைப்பட்டு அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்த வயதில் நிலையத்துக்கு நேர்காணலுக்கு வந்தார். பெரிய நாடுகளையெல்லாம் பெரிய மனிதர்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரு நாற்காலி, ஒரு வானொலிப் பெட்டி, காதில் மாட்டும் கருவி. பந்திக்குப் பிந்தியவருக்குக் கிடைத்தது மலைநாடு. ஓர் இலக்கணப் புத்தகத்தையும் நாற்பது ஒலிநாடாக்களையும் கையில் கொடுத்து, இரண்டு வருஷத்தில் மொழியைக் கற்றுக்கொள் என்றார்கள். அவர் ஒன்றரை வருஷத்தில் கற்றுக்கொண்டார். ஆனால் பேசிப் பழக ஓர் ஆள் கிடையாது. அதனால் அவருக்கு அந்த மொழி காதில் வந்தது, வாயில் வரவில்லை. ஊரில் சில பேர் பாட்டைப் பூராவும் ரசிப்பார்கள், ஒரு வரி பாடச் சொன்னால் ஓடிப்போவார்கள். அந்த மாதிரி.

தினமும் காலை ஏழு மணிச் செய்தி, பத்து மணிச் செய்தி, நடுவில் சொற்பொழிவு, பாட்டு, நாடகம். எல்லாவற்றையும் கேட்டுப் பகலுக்குள் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்பது அந்த நிலையத்தில் கெட்ட பழக்கமாகக் கருதப்பட்டது. மலையார் கேட்டதில்லை. அமைச்சர்களின் பெயர்களை எந்த வரிசையில் வாசிக்கிறார்கள் என்பதை வைத்தே, யாருடைய கை ஓங்குகிறது, யாருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது என்று சொல்லிவிடுவார். அந்த நாட்டின் முந்நூறு வருஷ வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கே எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதம் பனி விழும் என்று தெரியும். தன் வீட்டுக் கூரை எந்த மாதம் ஒழுகும் என்பதை மனைவிதான் ஞாபகப்படுத்த வேண்டும்.

மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடம் நாள் முழுவதும் ஆறுதலாகப் பேசுவது அவர் வேலை. அங்கேயும் பதில் வராது. வீட்டுக்கு வந்தால் கணவரும் காதில் கருவியோடு உட்கார்ந்திருப்பார். "என் சக்களத்தி ஊர்ல இன்னைக்கு மழையா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் கருவியைக் கழற்றி மேசையில் வைப்பார். கோபம் இல்லாத கேள்விதான். கல்யாணமான புதிதில் கொஞ்சம் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அலுவலகத்துக்குத் தேவைப்படாத ஒரு நிகழ்ச்சியையும் மலையார் விடாமல் கேட்பார். காலை ஐந்தரைக்கு உழவர் நேரம். அதில் ஒரு கிழட்டுக் கால்நடை மருத்துவர், விவசாயிகள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் சொல்வார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமுவார். ஆடு ஏன் சுருண்டு படுக்கிறது, மாட்டுக்கு ஏன் பால் வற்றுகிறது, கன்று வயிற்றில் திரும்பிக் கிடந்தால் என்ன செய்வது. அந்த நாட்டு வானொலியில் மற்றவர்கள் எல்லாரும் மேடையில் நின்று பேசினார்கள். இவர் ஒருவர்தான் தொழுவத்தில் குந்திக்கொண்டு பேசினார். மலையார் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, கையில் காலிக் கோப்பையோடு நின்று கேட்பார். தண்ணீர் பாதி வற்றியிருக்கும்.

அந்த நாட்டுக்குப் போக ஒரே ஒருமுறை வாய்ப்பு வந்தது. ஆராய்ச்சிக் குழு ஒன்றை உள்ளே விட அவர்கள் சம்மதித்தார்கள். அப்போதிருந்த இயக்குநரின் மைத்துனர் போய்விட்டு வந்து, மலைகள் மிக அழகாக உள்ளன என்று அறிக்கை தந்தார். மலையார் அந்த அறிக்கையைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு காலம் மாறியது. அங்கே கதவு கொஞ்சம் திறந்தது. நகரத்துக்கு வெளியே மலையைக் குடையும் சுரங்கப்பாதை வேலைக்கு அந்த நாட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் பேருந்தில் மலையாருக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து, வாங்கிய காலணி கடிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஒரு வணக்கம் சொல்லலாம்தான். தன் நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போனார், வாயைத் திறக்காமலே இறங்கினார், நடந்தே திரும்பினார். தப்பாகிவிட்டால்? இத்தனை வருஷப் படிப்பும் அந்த ஒரு வணக்கத்தில் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டால்? வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கேலி செய்யவில்லை. அதுவே அவருக்கு அதிகமாக வலித்தது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. மலைநாட்டுப் பெண் ஒருத்தி, பிரசவ வலியோடு வந்திருக்கிறாள். கணவன் சுரங்கப்பாதையில் எங்கோ உள்ளே இருக்கிறான், ஆள் அனுப்பியும் இன்னும் வரவில்லை. குழந்தை குறுக்கே கிடக்கிறது. உடனே அறுவை செய்ய வேண்டும். அவளோ யாரையும் கிட்டே சேர்க்க மாட்டேன் என்கிறாள். அவள் பேசுவது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

"எனக்குப் பேச வராதுங்க. கேக்கத்தான் வரும்," என்றார் மலையார்.

"இருபத்தாறு வருஷம் சார்," என்றார் இயக்குநர். அவ்வளவுதான். மலையார் சட்டைப்பையில் பென்சிலைக் குத்திக்கொண்டு கிளம்பினார்.

வாடகை வண்டியில் உட்கார்ந்து வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தமும் கொஞ்சம் வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வண்டியை இன்னும் வேகமாக விட்டார். மந்திரிசபை, தூதுக்குழு, கூட்டறிக்கை, அணைக்கட்டு, அறுவடை எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல் இருந்தது. கருப்பைக்கு இல்லை. பிரசவத்துக்கும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடையதில் ஏடுகூட இல்லை, காற்றில் வந்த சுரைக்காய்.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், நீளத் தாழ்வாரத்தின் கோடியில் அந்த அறை. வாசலில் அவளோடு ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். சோப்பு வாசனை இன்னும் அவர்கள் கையில் இருந்தது. நர்ஸ் ஓடி வந்து நடந்ததைச் சொன்னாள். அறுவை செய்ய வேண்டும் என்பதைப் புரியவைக்க, தன் கையைக் கத்தி மாதிரி வைத்து அந்தப் பெண்ணின் வயிற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாளாம். அதிலிருந்து அவள் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. மயக்க மருந்து கொண்டுவந்தவரை எட்டி உதைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் இரண்டு முறை கிழிந்து மூன்றாவது தாள் தயாராக இருந்தது.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினார். பலவந்தமாகச் செய்யப் பயமாக இருக்கிறது, அவள் துள்ளினால் ஆபத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, குழந்தையின் நாடி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஏதாவது நல்லதாகச் சொல்லி அவளைச் சமாதானம் செய்யுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள் என்றார்.

மலையார் உள்ளே போனார். அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தலைமுடி வியர்வையில் நெற்றியில் ஒட்டியிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்த நாட்டு மனுஷி ஒருத்தியை அவர் நேருக்கு நேர் பார்ப்பது அதுவே முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் ஆரம்பித்தார்.

"மதிப்பிற்குரிய நேயர்களுக்கு வணக்கம்."

அவள் திரும்பினாள். அவளுடைய மொழியில், சுத்தமான உச்சரிப்பில், தலைநகரத்துச் செய்தி வாசிப்பாளரின் ஏற்ற இறக்கத்தோடு ஒரு குரல். வலிக்கு நடுவே அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற நர்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டாள். மலையாருக்குத் தைரியம் வந்தது.

"மருத்துவக் குழுவினர் நிலைமையை முழுமையாகத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துள்ளனர். பொதுமக்கள் அச்சம் கொள்ளத் தேவையில்லை," என்றார்.

சிரிப்பு அடங்கியது. அவள் முகம் கதவைச் சாத்தியது போல மூடிக்கொண்டது. அடுத்த வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகப் பேசினாள்.

"இதே மாதிரிதான் அன்னைக்கும் சொன்னாங்க. அணைக்கு ஒண்ணும் ஆகாது, யாரும் பயப்பட வேண்டாம்னு. எனக்குப் பத்து வயசு. அப்பா மேட்டுக்குப் போயிடலாம்னு சொன்னாரு. எங்கம்மா ரேடியோவைக் காட்டி, அவ்வளவு பெரிய மனுஷங்க சொல்றாங்களே, நீங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்னு இருந்துட்டாங்க. வீடும் இல்ல, அம்மாவும் இல்ல." மூச்சு வாங்கினாள். "உங்க குரலைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு ஐயா. போயிடுங்க."

அந்த வெள்ளம் மலையாருக்குத் தெரியும். தேதியே தெரியும். அன்றைய சுருக்கத்தை எழுதியது அவர்தான். அணை பாதுகாப்பாக உள்ளது, மக்கள் அச்சம் கொள்ளத் தேவையில்லை, உயிரிழப்பு இல்லை. வானொலி சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஆனால் அவர் காதுக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. அந்த வாரம் மூன்று நாள் உழவர் நேரம் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சொல் இல்லாத இசையைப் போட்டார்கள். கிழட்டு மருத்துவர் ஒருநாளும் ஓய்வு எடுக்காதவர். ஏதோ சரியில்லை என்று மலையாருக்கு அன்றைக்கே உறுத்தியது. நிலையத்தின் விதி, காதில் விழுந்ததை எழுது, விழாததை எழுதாதே என்பது. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, 'தொழில்நுட்பக் கோளாறாக இருக்கலாம்' என்று ஓரத்தில் குறித்து மூடிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. மறைத்தவர்கள் அங்கே இருந்தார்கள், அதை வெறும் சோறு என்று எழுதிக் கோப்பில் போட்டவர் இங்கே இருந்தார்.

அவர் வெளியே வந்து டாக்டரம்மா முன்னால் நின்றார். "இந்த ஆபரேஷன்ல என்னென்ன கெடுதல் வரலாம்? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? கேட்டா இன்னும் பயந்துடுவா."

"பயப்படட்டும்மா. பயப்பட வேண்டாம்னு சொன்னதாலதான் அவ பயப்படுறா."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது, நேரமும் இல்லை. அதனால் கடகடவென்று சொன்னார். மலையார் பென்சிலை எடுத்து, தன் பழக்கப்படி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். திரும்ப உள்ளே போய், இந்த முறை நிற்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் தன்னைப் பற்றிச் சொன்னார். தான் வானொலியில் பேசுகிறவன் இல்லை, கேட்கிறவன். அன்றைக்கு அதைக் கேட்டு நம்பியதாகக் காட்டிக்கொண்டவன். யாரும் சாகவில்லை என்று தன் கையாலேயே எழுதி வைத்தவன். சொல்லத் தெரியாமல் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார், வாக்கியங்கள் நொண்டின. அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஐந்தரை மணிக்குக் கேட்ட மொழியைத் தேடிப் பிடித்தார். கிழட்டு மருத்துவர் கெட்டதை முதலில் சொல்வார், நல்லதைக் கடைசியில் சொல்வார். மலையாரும் அப்படியே போனார்.

"பாரும்மா, கன்னு குறுக்கக் கெடக்கு. தலையும் கீழ இல்ல, காலும் கீழ இல்ல. தள்ளித் தள்ளிப் பாத்தாலும் வராது. அப்படியே விட்டா கன்னும் போயிடும், தாயும் போயிடும். வயித்தைக் கீறித்தான் எடுக்கணும்."

அவள் வலியிலும் புருவத்தைத் தூக்கினாள். "நான் என்ன மாடா?"

"தப்பா நெனைக்காதம்மா. எனக்கு மாட்டுக்குத்தான் வார்த்தை தெரியும். மனுஷிங்க எப்படிப் பிள்ளை பெத்துக்கறாங்கன்னு உங்க ரேடியோல இருபத்தாறு வருஷமா ஒருத்தரும் சொல்லல."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "எங்கப்பாவும் அவரைக் கேப்பாரு. இருமுவாரே, அவரைத்தானே சொல்றீங்க?" என்றாள். ஆமாம் என்றார் மலையார். அதன் பிறகு அவள் கேள்வி மேல் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கீறினால் எவ்வளவு கீறுவார்கள்? ஒரு சாண் இருக்காது. வலிக்குமா? கீறும்போது தெரியாது, விழித்த பிறகு நிறைய வலிக்கும், பல நாள் வலிக்கும். என்ன கெடுதல் வரலாம்? ரத்தம் அதிகமாகப் போகலாம், புண் பழுக்கலாம், அடுத்த பிள்ளைக்கும் இப்படியே கீற வேண்டி வரலாம், ஆயிரத்தில் ஒருத்திக்கு உயிரே போகலாம். குழந்தை பிழைக்குமா? நாடி இறங்குகிறது, இப்போதே செய்தால் பெரும்பாலும் பிழைக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது. பென்சிலால் எழுதியதை வரிவரியாகப் பார்த்து, ஒன்றையும் இனிப்புத் தடவாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் பிடி தளர்ந்தது. கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக விட்டது.

வாசலில் நின்ற டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

அவள் தாளை வாங்கினாள். கையெழுத்துப் போடும் முன் மலையாரைப் பார்த்தாள். "முடிஞ்சதும் நீங்கதான் வந்து சொல்லணும். நல்லதோ கெட்டதோ, கூட்டாம குறைக்காம. வேற யாரும் சொல்லக்கூடாது."

அவர் சரி என்றார். அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார். அரை மணி நேரத்தில், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் அந்த அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேசினீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"மாட்டைப் பத்தி."

மனைவி சிரிக்கவில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அந்த நேரத்தில் இந்த உலகத்தில் வேறு எந்தத் துணையும் வேண்டியிருக்கவில்லை. கெட்டதைச் சொல்ல வேண்டி வந்தால் எந்தச் சொல்லில் சொல்வது என்று மனசுக்குள் தேடிக்கொண்டே இருந்தார். செத்துப்போன தலைவர்களுக்கு வானொலி சொல்லும் இரங்கல் வாசகம் முழுசும் தெரியும். அதை அவளிடம் சொல்லக்கூடாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். பெண் குழந்தை. அழுதுவிட்டது. தாயும் பிழைத்துக்கொண்டாள், ரத்தம்தான் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரே ஒரு விஷயம். குறுக்கே கிடந்த குழந்தையை இழுத்து எடுக்கும்போது இடது கை எலும்பில் முறிவு. பச்சைக் குழந்தைக்கு மூன்று வாரத்தில் கூடிவிடும். இதை இன்றைக்கே அவளிடம் சொல்ல வேண்டாம், நாளைக்குத் தெம்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"கூட்டாம குறைக்காமன்னு கேட்டிருக்காம்மா," என்றார் மலையார். டாக்டரம்மா வழியை விட்டு விலகி நின்றார்.

அவள் கண் விழித்ததும் அவர் முக்காலியில் இருந்தார். கெட்டதை முதலில் சொன்னார். "இடது கை எலும்பு முறிஞ்சிருக்கு. இழுக்கும்போது ஆனது. கட்டுப் போட்டிருக்காங்க, மூணு வாரத்துல கூடிடும்னு சொல்றாங்க. உனக்கு ரத்தம் நிறையப் போயிடுச்சு, ஏத்தியிருக்காங்க. பொண்ணு பொறந்திருக்கு. நல்லா அழுதா. உயிரோட இருக்கா."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக்கூட முடியாமல் கிடந்தாள்.

"கை முறிஞ்சதை நீங்க சொல்லலேன்னா," என்றாள் மெதுவாக, "உயிரோட இருக்கான்னு சொன்னதை நம்பியிருக்க மாட்டேன்."

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து அவள் தோளருகே கிடத்தினாள். சின்னக் கையில் பெரிய கட்டு.

மறுநாள் கணவன் வந்து சேர்ந்தான். தலைமுடியிலெல்லாம் கல் தூசி. குழந்தையைத் தொட்டுப் பார்க்கப் பயந்துகொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி நின்றான். மலையார் அன்றைக்கும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். மருந்துச் சீட்டில் இருப்பதைப் படித்துச் சொல்ல என்று காரணம் சொல்லிக்கொண்டார். ஐந்தாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், அவளிடம் ஒன்று கேட்கலாமா என்று கேட்டார். அந்த வெள்ளத்தைப் பற்றி. சொல்ல விருப்பம் இல்லையென்றால் வேண்டாம்.

அவள் குழந்தையை மறு பக்கம் மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வீட்டில் செத்தது இரண்டு பேர். எதிர் வீட்டில் ரொட்டி சுடுகிறவர், அவருடைய மருமகள். பள்ளி ஆசிரியர். மூன்றாவது வீட்டில் யாரும் சாகவில்லை, அவர்கள் முன்னாடியே மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். இப்படியே வீடு வீடாக நடந்து தன் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தக் கோடிவரை போய் முடித்தாள். பதினேழு பேர். தன் தெரு மட்டும்தான் தனக்குத் தெரியும், பக்கத்துத் தெருவைப் பற்றிச் சொன்னால் அது கேள்விப்பட்டதாகிவிடும் என்றாள். மலையார் அவள் சொன்னதை மட்டும் எழுதினார். இடையில் இரண்டு முறை பென்சில் முனையைச் சீவ வேண்டியிருந்தது.

நிலையத்தில் பழைய கோப்புகளை அடித்துத் திருத்தக் கூடாது. கூடுதல் தகவல் கிடைத்தால் தனித் தாளில் எழுதி, பழைய தாளோடு ஒட்டலாம், அதற்கு அனுமதி உண்டு. பத்தொன்பது வருஷமாக யாரும் தொடாத அந்தக் கோப்பைக் கீழ்த்தளத்திலிருந்து மலையாரே எடுத்து வந்தார். தூசியைத் தட்டும்போது பாலையார் மூன்று முறை தும்மினார். 'உயிரிழப்பு இல்லை' என்று தன் இளவயதுக் கையெழுத்தில் இருந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தாளில் பதினேழு பேரையும் வீட்டு வரிசைப்படி எழுதினார். ஒன்பதாவது, பெண், வயது முப்பத்திரண்டு, வானொலியை நம்பி வீட்டில் தங்கியவர்.

தாளின் அடியில் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. அந்த அறையில் இருந்த அத்தனை கோப்புகளிலும் அந்தக் கட்டத்தில் வானொலி என்றோ பத்திரிகை என்றோ அரசு அறிக்கை என்றோதான் இருக்கும். மலையார் அதில், மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.